என் பெயரில் விழுந்த ஓட்டு

அஸ்தினாபுரத்துக்கு நாங்கள் குடிவந்தபோது எங்கள் தெரு இன்னும் தெருவாகியிருக்கவில்லை. மழை பெய்தால் குளம், வெயில் அடித்தால் புழுதி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. என் கணவருக்கு கிண்டியில் வேலை. எனக்குப் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் உத்தியோகம். மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரக் குடும்பம். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவருக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

எங்கள் நாடாளுமன்றத் தொகுதிக்குத் தென்சென்னை என்று பெயர். மயிலாப்பூர் மாடவீதியும் தியாகராய நகர்க் கடைகளும் அதில்தான் இருந்தன. தொகுதியின் தலை, நகரத்துக்குள்ளே படுத்திருந்தது. தாம்பரத்தை ஒட்டிய நாங்கள் அதன் வால். வேட்பாளர்கள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் வால் பக்கம் வருவார்கள். கல்யாணத்துக்கு முன் என் அப்பா வீடு தாம்பரத்தில். அங்கிருந்தபோதே மூன்று தேர்தல்களைப் பார்த்துவிட்டேன். பட்டா தருவோம், குடிநீர் தருவோம், ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் தருவோம் என்று மூன்றிலும் அதே மூன்றைத்தான் சொன்னார்கள். பாலம் வருகிற அன்றைக்கு இவர்கள் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பார்கள் என்று அப்பா சந்தேகப்படுவார். அந்தக் குணம் எனக்கும் வந்துவிட்டது. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் தண்ணீர் லாரி ஒழுங்காக வந்தால்கூட, குடத்தை வைப்பதற்கு முன் டிரைவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பேன்.

பதினெட்டு வயது ஆனவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று அறிவித்த பிறகு நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல் அது. ஐப்பசி கார்த்திகை மழைக்காலம். பட்டியல் எடுக்க ஆள் வந்தபோது நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். கீழ் வீட்டு அக்காதான் எங்கள் பெயர்களைச் சொல்லி எழுத வைத்தார். அவர் செய்த இந்த உதவியைப் பிற்பாடு நான் வேறு விதமாக எண்ணிப் பார்க்கப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு மாலை, ஒரு வேட்பாளரின் வேன் எங்கள் தெரு முனைக்கு வந்தது. சேற்றைப் பார்த்தது. அங்கிருந்தே மைக்கில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது. எனக்கு வந்த கோபத்தில், "தெருவுக்குள்ள கால் வைக்காதவங்களுக்கு நான் எதுக்கு நடந்து போய் ஓட்டுப் போடணும்? எனக்கு ஓட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எங்கள் இரண்டு பேருடைய ஓட்டுச் சீட்டுகளும், அதாவது கட்சிக்காரர்கள் பெயரும் வரிசை எண்ணும் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதங்கள், அலமாரியின் மேல் கிடந்தன.

தேர்தல் அன்று எங்கள் கம்பெனியில் அரை நாள்தான் விடுமுறை. மத்தியானம் வீடு திரும்பியபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா தங்கச்சி, ஓட்டுப் போடலியா?"

"போகல அக்கா."

"அட, போய்ப் போட்டுட்டு வா. இந்த வாட்டி போடலேன்னா அடுத்த வாட்டி லிஸ்ட்ல பேரே இருக்காது, எடுத்துடுவானுங்க. நான் காலையிலயே போட்டுட்டேன். இப்ப கூட்டம் இல்ல, சும்மா கீது."

பெயரை எடுத்துவிடுவார்கள் என்றதும் மனம் மாறிவிட்டது. மாடிக்குப் போனேன். அலமாரியின் மேல் சீட்டைக் காணவில்லை. கணவரும் வீட்டில் இல்லை. வரிசை எண் நினைவிருந்ததால் அப்படியே கிளம்பிப் போனேன்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. முதல் மேசையில் இருந்தவர் பட்டியலில் என் எண்ணைத் தேடினார். பெயருக்குக் கீழே ஏற்கெனவே கோடு போட்டிருந்தது.

"உங்க ஓட்டு விழுந்துடுச்சேம்மா" என்றார்.

"நான் இப்பதானே சார் வர்றேன்."

கையை நீட்டச் சொன்னார்கள். என் விரலில் மை இல்லை. கட்சி ஏஜென்ட்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நான் அந்தத் தெருவுக்குப் புதியவள். என்னையே கள்ள ஓட்டுப் போட வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். தலைமை அலுவலர் வயதான வாத்தியார் போலிருந்தார். என் ஆபீஸ் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கிழித்த வாக்குச் சீட்டுகளின் அடிக்கட்டைப் புரட்டினார். அந்தக் காலத்தில் அடிக்கட்டையில் வாக்காளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஒரு இடத்தில் நிறுத்தியபோது எட்டிப் பார்த்தேன். என் பெயர் முழுசாகத் தமிழில் எழுதியிருந்தது. குண்டு குண்டான எழுத்து. கடைசி எழுத்தின் வாலை உள்ளே இழுத்துச் சுழித்திருந்தது. நான் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறவள்.

"உங்களுக்கு வேற சீட்டு தரலாம். ஆனா அதைப் பெட்டியில போட முடியாது, தனிக் கவர்ல வெச்சிடுவோம்" என்றார் அவர்.

"எண்ணுவீங்களா சார்?"

"மாட்டாங்கம்மா. யாராவது கோர்ட்டுக்குப் போனா அப்ப பிரிச்சுப் பார்ப்பாங்க."

எண்ணப்படாது என்று தெரிந்தே முத்திரை குத்தி, மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. யார்?

வீட்டு வாசலில் அக்கா மறுபடியும் இருந்தார். இடது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னாக்கா கையில?" என்று கேட்டேன்.

"அருவாமனையில கிழிச்சிக்கினேன்" என்றார்.

மை வைக்கிற அதே விரல். மத்தியானம் பேசும்போது அதில் துணி இருந்ததா, இல்லையா? எனக்கு நினைவில்லை. ஆனால் பின்கட்டில் பப்பாளி மரம் இருந்தது நினைவுக்கு வந்தது. பப்பாளிப் பாலைத் தடவினால் மை போய்விடும் என்று எங்கள் ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். நம் பெயரைப் பட்டியலில் எழுத வைத்தது யார்? அக்கா. பெயர் சரியாகத் தெரிந்தது யாருக்கு? அக்காவுக்கு. அப்படியானால் என்னைப் போகச் சொன்னது ஏன்? அதற்கும் பதில் உடனே கிடைத்தது. தன் மேல் சந்தேகம் வராமல் இருக்கத்தான்.

சாயங்காலம் கணவர் வந்ததும் கத்தித் தீர்த்தேன். அவர் முகம் வெளிறிப்போனது. என் ஓட்டுப் பறிபோனதற்காக அவரும் வருந்துகிறார் என்று நினைத்தேன்.

"சீட்டைக்கூடக் காணோம். கீழ் வீட்டு அக்காதான் மேல வந்து எடுத்திருக்கணும். துணி காயப்போட மாடிக்கு வர்றவங்கதானே?"

"விடு. ஒரு ஓட்டுதானே" என்றார்.

"உங்களுக்கு ஒரு ஓட்டு. எனக்கு இருக்கிறதே அந்த ஒண்ணுதான்."

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

நாலைந்து நாளில் அக்கா விரல் கட்டை அவிழ்த்தார். வெட்டுக்காயம் இருந்தது. நகத்தின் மேல் மையும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு சந்தேகம் தீர்ந்திருக்கும். எனக்கோ, ஒருமுறை மையை அழித்துவிட்டு இரண்டாம் முறை வைத்துக்கொண்ட மை இது என்று தோன்றியது. சந்தேகப்படுகிறவளுக்குக் காயமும் சாட்சிதான், காயம் இல்லாவிட்டால் அதுவும் சாட்சிதான்.

வாக்கு எண்ணி முடித்தார்கள். ஜெயித்தவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். தெரு முனையில் வெடி வெடித்தார்கள். எனக்கு யார் ஜெயித்தார் என்பதைவிட அந்தச் சுழித்த எழுத்துதான் முக்கியமாக இருந்தது. அக்காவின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அது தானாகவே கைக்கு வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னிடம் அக்கா ஒரு போஸ்ட் கார்டைக் கொடுத்தார்.

"தங்கச்சி, போற வழியில இந்தக் கார்டைப் பொட்டியில போட்டுடறியா? என் அண்ணனுக்கு. மறந்துடாத, அவசரம்."

எலக்ட்ரிக் ரயிலில் உட்கார்ந்ததும் கார்டை எடுத்துப் பார்த்தேன். குண்டு எழுத்து. சில இடங்களில் வால் சுழிந்திருந்தது, சில இடங்களில் இல்லை. அடிக்கட்டையில் பார்த்ததை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒத்துப்போவது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் அந்தக் கார்டு என் கைப்பையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை நாள். கூட்டத்தில் இடிபட்டு நடந்தபோது பையைத் துழாவினேன், கார்டு கையில் பட்டது. இதை வைத்துக்கொண்டு ஒன்றும் நிரூபிக்க முடியாது என்று தபால் பெட்டியில் போட்டேன். அத்தனை தடவை பார்த்தும் நான் எழுத்தைத்தான் பார்த்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்பதில் என் மனம் நிற்கவே இல்லை.

என்ன எழுதியிருந்தது என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அன்று அக்கா மகளுக்குக் காது குத்து. அடுத்த வாரம் வைத்திருந்த விசேஷம். கண்டக்டருக்கு டியூட்டி மாறியதால் ஒரு வாரம் முன்னால் கொண்டுவந்திருந்தார்கள். அண்ணனை முதலில் நேரில் போய் அழைத்திருந்தார் அக்கா. தேதி மாறியதை மட்டும் கார்டில் எழுதியிருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவருக்கு ஊர் மதுராந்தகம் பக்கம். பந்தலுக்குள் வேலையாக இருந்த அக்கா நிமிடத்துக்கு ஒருமுறை தெருவுக்கு வந்து பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

அக்கா என்னிடம் வந்தார். "கார்டைப் போட்டியா தங்கச்சி?"

"போட்டேன் அக்கா" என்றேன்.

என்றைக்குப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கண்டக்டரின் பங்காளி ஒருவர் மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தினார்கள். குழந்தை அழுதது. அதைவிட அதிகமாக அக்கா அழுதார். "அவன் வந்திருப்பான். என் அண்ணிக்காரிதான் கார்டை ஒளிச்சு வெச்சிருப்பா. அவளுக்கு எங்களக் கண்டா எப்பவும் ஆவாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

அண்ணன் மறுவாரம் பழைய தேதிக்குச் சீர்வரிசையோடு வந்து இறங்கினாராம். நான் அப்போது சர்ச்சுக்குப் போயிருந்தேன். முந்தின வாரமே கார்டு வந்தும் வராமல் இருந்துவிட்டதாக அக்காவும், கார்டு விசேஷம் முடிந்த பிறகுதான் வந்தது, பழைய தேதிக்காவது வந்து பார்ப்போம் என்று வந்ததாக அண்ணனும் வாசலிலேயே சண்டை போட்டிருக்கிறார்கள். சீர்த் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றுபோனது.

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. அக்கா எதிரே வந்தால் படியிலேயே திரும்பி மாடிக்கு ஏறிவிடுவேன். ஆனாலும் மனதுக்குள் ஒரு மூலையில், அவர் என் ஓட்டைத் திருடவில்லையா, அதற்கு இது சரியாகிவிட்டது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. வேறு வீடு பார்க்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் சேலையூருக்குப் போய்விட்டோம்.

அதே தொகுதிதான். அடுத்த தேர்தல் சீக்கிரமே வந்தது. கதவு திறப்பதற்கு முன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். ஓட்டுச் சீட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். என் பெயருக்குக் கீழே கோடு இல்லாததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான் யாரிடமும் நெருங்கிப் பழகவில்லை. பால்காரர், இஸ்திரிக்காரர், சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிற அம்மா என்று யார் எது கேட்டாலும், இவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டே பதில் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் புகைப்படம் ஒட்டிய வாக்காளர் அட்டை வந்தது. என் அட்டையில் இருந்த முகத்தை என் அம்மாவே அடையாளம் கண்டிருக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கணவரின் தங்கை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். கீழ்க்கட்டளையில் என் மாமனார் வீட்டில் வளர்ந்தவள். அப்போது அவளுக்கும் கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. என் அட்டையை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல வேளை அண்ணி, அப்ப இந்த போட்டோ எல்லாம் இல்ல. இனிமே உங்க ஓட்டை நான் போட முடியாது."

"என்ன சொன்னே?"

"அஸ்தினாபுரத்துல இருந்தப்ப போட்டேனே. எனக்கு அப்பதான் பத்தொம்பது. லிஸ்ட்ல என் பேரை விட்டுட்டாங்கன்னு அண்ணன்கிட்ட வந்து அழுதேன். நீங்கதான் ஓட்டு வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு அண்ணன் உங்க சீட்டைக் குடுத்துச்சு." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "அண்ணன் சொல்லலியா?"

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குப் போட்டே?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"எங்க போட்டேன் அண்ணி! ஏஜென்ட்டுங்க என்னையே பாக்கற மாதிரி பயம். கை நடுங்கி ரெண்டு சின்னத்துக்கும் நடுவுல குத்திட்டேன். செல்லாத ஓட்டாத்தான் போயிருக்கும்."

அவள் போன பிறகு கணவரைக் கேட்டேன். "நான் அக்காதான் எடுத்தாங்கன்னு சொன்னப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"நீ போட மாட்டேன்னு சொன்னே. அந்தத் தைரியத்துல குடுத்துட்டேன். நீ வந்து கத்தினப்ப சொல்லப் பயமா இருந்துச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"அப்புறம் வீட்டையே மாத்தினோமே?"

"அப்ப சொன்னா இன்னும் பெரிசாயிடும்னு நினைச்சேன்."

ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் எனக்குத் தூக்கத்தில் கண்முன் வந்தது அவர் இல்லை. கார்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலில் போன நான்தான். அவர் என் சீட்டை எடுத்துக் கொடுத்தார், வாய் திறக்கவில்லை. நான் அக்காவின் கார்டை எடுத்து வைத்தேன், வாய் திறக்கவில்லை. அவரிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அஸ்தினாபுரம் போனேன். தெருவுக்குத் தார் போட்டிருந்தார்கள். அக்கா அதே வீட்டில்தான் இருந்தார். காபி கொடுத்தார். குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டு, விரல், பப்பாளி, கையெழுத்து, கார்டு. வெள்ளிக்கிழமைதான் பெட்டியில் போட்டேன் என்று சொன்னபோது அக்கா எழுந்துவிட்டார்.

"என்னைத் திருடின்னு நெனச்சே. அது போவட்டும், அப்ப நீ சின்னப் பொண்ணு. அன்னிக்குக் கேட்டனே, கார்டைப் போட்டியான்னு. அப்பக்கூடச் சொல்லலியே." காபித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். "ஆறு வருசமா என் அண்ணிய நான் பேசாத பேச்சு இல்ல. போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். நீயே வந்து அவகிட்டச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

அடுத்த சனிக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டில் பஸ் மாறிப் போனோம். வழியில் அக்கா என்னோடு பேசவில்லை. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார், அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டில் இல்லை, நிலத்துக்குப் போயிருந்தார். அண்ணி தனியாக இருந்தார். மெலிந்த, உயரமான பெண். அக்காவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை. என் கணவர் சீட்டைக் கொடுத்ததிலிருந்து நான் கார்டை வைத்திருந்ததுவரை நின்றபடியே சொன்னேன். முடித்ததும் அக்காவைப் பார்த்தார்.

"கார்டு இங்க வந்தது திங்கக்கிழமை. மேல தபாலாபீஸ் முத்திரை இருந்துச்சு, அதுல தேதி இருந்துச்சு. அதைப் பாருங்க, அதைப் பாருங்கன்னு உங்க அண்ணன்கிட்ட எத்தினி வாட்டி சொன்னேன் தெரியுமா? அந்த மனுசனே முழுசா நம்பல. ஆறு வருசம் ஒரே வூட்டுல இருந்துகினு, அவரு என்னைச் சந்தேகமா ஒரு பார்வை பாப்பாரு."

அக்கா அவர் கையைப் பிடித்தார். அண்ணி கையை உருவிக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. பிறகு உள்ளே போய் இரண்டு பாயை எடுத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, "சரி விடு, குழந்தைக்கு இப்ப இன்னா வயசு?" என்று கேட்டார்.

அங்கே நான் அதிகப்படி என்று தெரிந்தது. கிளம்பினேன். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணிதான் பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தார். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தபோது கேட்டார்.

"உன் வூட்டுக்காரரை இன்னா பண்ணே?"

"ஒரு மாசம் பேசாம இருந்தேன்."

"ஒரு மாசம்" என்றார் அவர். அதை அவர் எப்படிச் சொன்னார் என்று என்னால் இன்றுவரை எழுதிக்காட்ட முடியவில்லை. பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவர் அதற்குள் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார், வேகமாக.